அடுப்பருகே காய்ந்த பட்டி

மகன் காலில் போட்டுப்போய் மழையில் நனைத்த தோல் சப்பாத்து அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்தது. சூடேறிய தோலின் வாசம் வந்ததும் எனக்கு வாப்பாவின் வண்டில்மாடு ஞாபகம் வந்தது.

அதன் கழுத்துத் தோல்பட்டி நனைந்தால் வாப்பா துடைத்து, நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசுவார். அவர் காய்ச்சலில் கிடந்த ஒருநாள், சீக்கிரம் காயட்டுமென்று நான் அதை அடுப்பருகே வைத்தேன். தோல் பலகைபோல் விறைத்துவிட்டது. மறுநாள் வாப்பா களைப்பில் கவனிக்காமல் அதையே கட்டினார். வயலிலிருந்து திரும்பிய மாட்டின் கழுத்தில் இரத்தம்.

“என்ட பிழைதான்டா, பார்க்காமக் கட்டிட்டன்,” என்று மாட்டிடம் சொல்லிச் சொல்லிப் புண்ணில் எண்ணெய் தடவினார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

இப்போது சப்பாத்தை அடுப்பருகிலிருந்து எடுத்துக்கொண்டு, “ஆரு இத இங்க வெச்ச?” என்று கேட்டேன்.

“நான்தான் உம்மா,” என்றான் மகன்.

வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை எனக்கு வராத சொல் அது.