வாசலில் திறந்த பைகள்

மூன்றாம் மாடி அம்மா தன் ரெக்சின் கைப்பையைக் காவலாளியின் மேசைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்துவிட்டு நின்றார். வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் வரிசையில் அவர் மட்டும்தான் வீட்டுக்காரர். சங்கச் செயலாளரான எனக்கு எரிச்சலாக வந்தது.

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்ககம் எழும்பி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சேலம், நெல்லை, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ மூட்டை கட்டிக்கொண்டு வந்திறங்கிய நாங்கள், அந்த ஊரிலேயே பிறந்த பெண்களுக்கு ‘வெளியாட்கள்’ என்று தலைப்பிட்டு வாசலில் ஒரு வருகை நோட்டுப் போட்டிருந்தோம். வெட்கம் எங்கள் யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில் ஹெட்போன் காணவில்லை என்றதும், போகும்போது அவர்கள் பையைச் சோதிக்க வேண்டும் என்று விதி எழுதியவன் நான். ஹெட்போன் அந்த வீட்டுக்காரரின் காரிலேயே கிடைத்தது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பையில் ஒருநாள் ஆறு இட்லி இருந்தது. என் மனைவி கொடுத்தது. யாரோ அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட, மாடி மாடியாகப் பேசித் தீர்த்தார்கள். சோதிக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தும், அது எங்கள் வீட்டு இட்லி என்று நான் சொல்லவில்லை.

“உங்க ஊட்ல குடுத்த இட்லி தானே சார். நீயும் பாத்துகினு நின்னியே. நாளைலேந்து நா வர்ல” என்றார் அக்கா. நான்கு வீட்டு வேலைதான் அவர் பிழைப்பு.

அதைக் கேள்விப்பட்டுத்தான் மூன்றாம் மாடி அம்மா வரிசைக்கு வந்தார். ஆவடி தொழிற்சாலையில் ராணுவச் சீருடை தைத்து ஓய்வு பெற்றவர். அங்கே அதிகாரியிலிருந்து பெருக்குகிறவர் வரை எல்லோர் பையும் வாசலில் திறக்கப்படுமாம். அக்காவை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, சங்கக் கூட்டத்தில் எழுந்தார்.

“தொறந்தா எல்லாரும் தொறங்க. இல்லேன்னா யாரும் வேணாம்.”

மறுத்தால் சந்தேகம் எங்கள்மேல் திரும்பும் என்று பயந்து, எல்லோரும் திறப்பது என்றே கையைத் தூக்கினோம்.

மறுநாள் காலை என் முறை. அலுவலகத்திலிருந்து சுருட்டிவந்து வெளியே எடுத்துவைக்க மறந்த டீ பாக்கெட்டுகள், கழிவறை டிஷ்யூ சுருள் இரண்டு, பையைத் திறந்ததும் மேலேயே கிடந்தன. லட்ச ரூபாய்ச் சம்பளக்காரனின் பை. எனக்குப் பின்னால், காலை வேலை முடித்துக் கிளம்பிய அக்கா நின்றிருந்தார். இன்னொரு வீட்டுக்காரர் எதையோ மறந்தவர்போல அவசரமாக லிஃப்டுக்குத் திரும்பினார்.

“மூடு சார். நா ஒண்ணியும் பாக்கல” என்றார் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அன்று மாலையே ‘மனிதாபிமான அடிப்படையில்’ விதி நீக்கப்பட்டது. அந்த வார்த்தையை எழுதியவனும் நான்தான். இப்போது சங்கக் கூட்டத்தில் வேலைக்கு வருபவர்களுக்கும் நாற்காலி போடுகிறோம்; மூன்றாம் மாடி அம்மா போடவைத்தார். அக்கா இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அன்று பார்த்ததை என் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.