சார் மடியில் விழுந்த பசை

எண்ணெய் வயல் சோதனைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மேனேஜர் முதல் கேட்டில் நிற்பவர் வரை எல்லோருக்கும் அவள் பசையக்கா. வேலைக்குச் சேர்ந்த வருடம், பூமிக்குள் போய் உறைய வேண்டிய பசையை அவள் மருந்து கூடுதலாகப் போட்டுக் கலந்துவிட, அது அவசரப்பட்டுப் பம்புக் குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. கம்பி விட்டுக் குடைந்தெடுக்க நான்கு பேருக்கு மூன்று நாளாயிற்று. அந்த நால்வர் கடுப்பில் வைத்த பெயர், இருபத்திரண்டு வருடமாகியும் உதிரவில்லை. பசையாயிற்றே.

பாறைக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வர, ஒரு கிணறு வழியாகத் தண்ணீரை இறக்குவார்கள். தண்ணீரோ சரியான சோம்பேறி. அகலமான வெடிப்பு ஒன்று கிடைத்தால் போதும், எண்ணெயை எட்டியும் பார்க்காமல் அடுத்த கிணற்றில் வந்து நிற்கும். அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் பசை. பாலிமர் தூளைக் கரைத்து, உறைய வைக்கும் மருந்து சேர்த்து அனுப்பினால், நீராகவே உள்ளே போய் வெடிப்பில் உட்கார்ந்து கெட்டியாகும். பிறகு வரும் தண்ணீர் வேறு வழியின்றி எண்ணெயைத் தள்ளியாக வேண்டும்.

பதினேழாம் கிணற்றில் நூறு பீப்பாய் எடுத்தால் தொண்ணூற்றாறு தண்ணீராக வந்த சமயம், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார். தன் புதிய கலவையைப் புட்டியோடு தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். பசை அசையவில்லை. கூடியிருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். எந்தத் தண்ணீரில் கலந்தது என்று பசையக்கா கேட்டாள். குடிதண்ணீராம்.

அவள் அதே கலவையைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் போட்டு, பூமிக்குள் இருக்கும் அதே சூட்டில் சோதனைக்கூட அடுப்பில் வைத்தாள். ஐந்தாம் நாள் புட்டியோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"சார், இது உங்க கலவைதான். கெணத்துத் தண்ணியில அஞ்சே நாள்ல சுருங்கிப்போச்சு."

"அறுபது பக்கம் அறிக்கை குடுத்திருக்கேம்மா."

"பாறைக்குப் படிக்கத் தெரியாது சார்."

மேனேஜர் இருமலில் சிரிப்பை ஒளித்தார். நிபுணர் புட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மூடி இறுக்கப்படவில்லை. உப்புத் தண்ணீர் முழுக்கச் சட்டையில் இறங்க, சுண்டிப்போன பசை உருண்டை மடியில் விழுந்து ஒருமுறை துள்ளியது. மூடியை இறுக்க மறந்ததாக அவள் சத்தியம் செய்தாள். வீட்டில் பஸ் ஓட்டுநரான கணவர் மட்டும் நம்பவில்லை.

உப்புக்குத் தாங்கும் கலவையைச் செய்து காட்ட மேனேஜர் அவளுக்கு மூன்று வாரம் கொடுத்தார். முப்பத்தொரு புட்டிகளில் ஒன்றே ஒன்று தேறியது. பம்பு ஓடிய நாளில், பழைய பயம் விடாமல், ஆறு மணி நேரமும் குழாயில் கை வைத்தபடியே நின்றாள். பசை ஒழுங்காக உள்ளே போயிற்று.

ஒரு மாதம் மாற்றமேயில்லை. கேலி கிளம்பியது, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவது வாரம் தண்ணீர் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. அளவெடுத்த மெக்கானிக் நம்பாமல் மறுபடி அளந்தார். அப்போதும் அதேதான்.

என்ன வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, முதுகு சாய ஒரு நாற்காலி போதும் என்றாள். நான்கு மாதம் கழித்து ஒரு சக்கரம் இல்லாமல் வந்தது. வாங்கியவனை வாய் நிறையத் திட்டிவிட்டு, அதில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள்.