அம்மாவின் கல்லில் கிருமிகள்

புனிதன் லோரி ஓட்டுநர். மலேசியாவில், ஜெராம் ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்து மயானத்தில் இருக்கும் தன் அம்மாவின் சமாதிக் கல்லுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தடவி, அதன் தலையிலேயே சூடம் கொளுத்துவார். வருஷக்கணக்காக எண்ணெயும் கரியும் இறுகி, வெள்ளைப் பளிங்கு தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. பெயர் தெரியட்டும் என்று ஒருமுறை கம்பித் தூரிகையால் தேய்த்தார். கல்லே மாவாக உதிர்ந்தது. பயந்துபோய் விட்டுவிட்டார்.

தோட்டம் வீடு கட்டும் கம்பெனிக்குப் போனது. மயானத்தைத் தோண்டி எலும்புகளை வேறிடத்தில் புதைக்கப்போவதாகச் சொன்னார்கள். பெயர் தெரிகிற கல்லென்றால் எலும்புகளுக்குத் தனிக் குழி. தெரியாததெல்லாம் ஒரே குழி என்றார்கள்.

"இது எங்கம்மா தம்பி, எனக்குத் தெரியாதா?" என்று கம்பெனி மேற்பார்வையாளர் பவனேஷிடம் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அங்கிள். பேரைக் காட்டுங்க லா."

பல்கலைக்கழகத்தில் பழைய சிலைகளைச் சுத்தம் செய்யும் அனுஜா, விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் கலந்த கூழைக் கல் முழுக்கப் பூசி, ஈரப் பஞ்சு வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடினாள்.

"கரியைப் பிடிச்சு வச்சிருக்கிறதே எண்ணெய்தான். அதை இதுங்க தின்னுரும் அங்கிள். கல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

"தின்னு முடிச்சதும்?"

"பசியில செத்துரும். திங்கக்கிழமை நான் வந்து பிரிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. சூடமும் வேணாம்."

வீட்டில் மனைவி நித்தியா சிரித்தாள். "உங்கம்மா செருப்பைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. அவுங்க தலையிலயே கிருமியா?"

புனிதன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சும்மா பார்க்கத்தான் போனார். தாளுக்கு அடியிலிருந்து புளித்த சோற்று வாடை வந்தது. அந்த அசிங்கத்துக்குள் அம்மாவை விட்டுவிட்டுத் திரும்ப அவருக்குக் கால் வரவில்லை. கடைக்குப் போய் வந்து, மஞ்சள் தண்ணீரில் தரை கழுவும் மருந்தைக் கலந்து, தாளின் மேல்பக்கத்தைத் தூக்கி ஊற்றினார். பஞ்சை முன்போலவே ஒட்டி மூடினார். சொன்ன பேச்சுக்குச் சூடம் மட்டும் கொளுத்தவில்லை.

திங்கட்கிழமை அனுஜா தாளைப் பிரித்தாள். தண்ணீர் எட்டாத கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. அதில் இறந்த வருஷம் தெளிவாகத் தெரிந்தது. பெயர் இருந்த மேல்பகுதி அப்படியே கறுப்பு. மஞ்சளாகியிருந்த பஞ்சை முகர்ந்து பார்த்தாள்.

"என்ன ஊத்துனீங்க அங்கிள்?"

"சுத்தமாத்தானே மா வச்சிருந்தேன்."

"எல்லாம் செத்துப்போச்சு."

"இன்னொரு தடவை போட்டுறலாமா?"

அனுஜா பவனேஷைப் பார்த்தாள். அவன் முடியாதென்று தலையாட்டினான். "நாளைக்குத் தோண்டுற மிஷின் வருது."

"வருஷம் தெரியுதுல்ல தம்பி?"

"அந்த வருஷம் இங்க உங்கம்மா ஒருத்தங்கதான் செத்தாங்களா அங்கிள்?"



அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குப்பியை லோரியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். பொதுக் குழி நீளமாக இருந்தது. ஒரு முனையில் பெயரில்லாத புதுக் கல் பளபளத்தது. அதைத் தொடாமல், தள்ளி வெறும் மண்ணில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியவில்லை. இந்தக் கோடிக்கு ஒருமுறை கும்பிட்டார். நடந்துபோய், அந்தக் கோடிக்கும் கும்பிட்டார்.