அத்தான் வாசித்த எண்

போன ஆவணியில் என் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. பூதப்பாண்டியில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. லினக்ஸ் போட்ட பழைய மெஷின். புது ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று. மாட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம் என்றார் கணவர். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மாமா மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

அவளைத்தான் இவருக்குக் கட்டிவைப்பதாக இருந்தது. ஜாதகம் சேரவில்லை, நான் வந்தேன். கல்யாணமான புதிதில் மாமியார் இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் அன்றிலிருந்து சாதாரணமாக இல்லை.

வந்தவள் எனக்குப் பிச்சிப்பூ கொண்டுவந்திருந்தாள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கேபினெட்டைக் கழற்ற, இவர் டார்ச் அடித்தார். என் மேஜைப்பக்கம் எட்டிப்பார்க்காத மனிதர், கேபிளைப் பற்றிக்கூடக் கேள்வி கேட்டார். "ஏட்டி, இது எதுக்கு?" என்றார். என்னை அவர் ஒருநாளும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. நான் ஏத்த வாழைக்காய் வறுக்கப் போனேன்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்தாகிவிட்டது. மெஷின் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைத் தானாக எடுத்துக்கொள்ள, அதற்குரிய நீள அடையாள எண்ணை ஒரு ஃபைலில் எழுதவேண்டுமாம். "நீங்க வாசிங்க அத்தான், நான் அடிக்கேன்" என்றாள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளத்தை இவர் ராகம் போட்டு வாசிக்க, அவள் சிரித்துக்கொண்டே அடித்தது அடுக்களைவரை கேட்டது.

மெஷினை மறுபடி போட்டபோது கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ பிழை என்று நின்றுவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. அடுத்த நொடியே என் வேலை நினைவுக்கு வந்தது. பாதி முடித்த மூன்று புத்தகங்கள் அதற்குள்தானே இருக்கின்றன.

அவள் அந்த ஃபைலையும், டிஸ்க்கின் உண்மையான எண்ணையும் அந்தக் கறுப்புத் திரையிலேயே மேலும் கீழுமாகக் கொண்டுவந்தாள். இருவரும் பார்த்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். நான் கரண்டியோடு வந்து, மெய்ப்புப் பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போனேன்.

"இங்க டி இருக்கணும். நீ பி அடிச்சிருக்க."

இவர் டி என்று வாசித்தது அவள் காதில் பி என்று விழுந்திருக்கிறது. திருத்தினாள், மெஷின் கிளம்பியது, புது டிஸ்க்கும் தெரிந்தது.

"நல்லவேளை நீங்க இருந்திய, அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதாரச் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது, பிடித்திருந்ததே பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்ற இவர் பைக்கில் போனார். நான் புத்தகங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். ஆனாலும் இவர் திரும்ப நேரமாயிற்று.

"பஸ்சு பிந்திட்டா?" என்று கேட்டேன்.

"இல்ல, பஸ்சு நின்னுட்டுதான் இருந்துது. ஒரு சாயா குடிச்சிட்டு அடுத்ததுல போறேன்னு அவ சொன்னா."

சரி என்றேன். புத்தகங்கள் பாதிதான் மாறியிருந்தன. நான் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை.