முகம் காட்டாத படம்

என் கணவருக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. கிடர்பூர் குவார்ட்டர்ஸில் பொழுது போகாமல் கிடந்த நான், புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்கள் காப்பகத்துக்கு உதவப் போனேன். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவர்கள் குழந்தைகளோடு தங்கும் இடம். செயலாளர் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் மாமி. நல்லவர்தான், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்காக இணையதளம் போடுவதென்று முடிவாயிற்று. அதில் அழுமூஞ்சிப் படங்கள் வேண்டாம், பெண்களின் முகமும் தெரியக்கூடாது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

துர்கா பூஜையின்போது அந்தப் படம் கிடைத்தது. புதுச் சேலை கட்டிய பெண்கள் காப்பகம் இருக்கும் தெருவின் கோடியில் பூஜைப் பந்தலைப் பார்த்தபடி நிற்கிறார்கள்; முதுகு மட்டும் தெரிகிறது. ஒருத்தி மகளைக் கையில் பிடித்திருக்கிறாள். அந்த வருடம் பந்தல் முழுவதையும் டீ குடிக்கும் மண்குவளைகளாலேயே கட்டியிருந்தார்கள். மாமி அதையே இணையதளத்தின் முதல் பக்கத்தில் போடவைத்தார்.

மகளோடு நின்றவள் அலுவலகக் கணினியில் அதைப் பார்த்ததும் வெளுத்துப் போனாள்.

"இந்தப் பந்தல் எங்க இருந்துதுன்னு யாருக்குத் தெரியாது, தீதி?" என்று என்னை அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள்.

உண்மைதான். பூஜை நாட்களில் ஊரே பந்தல் பந்தலாக அலையும். எந்தப் பேட்டையில் என்ன பந்தல் என்பது சின்னப் பிள்ளைக்கும் அத்துப்படி. மகள் யாரிடம் இருப்பது என்று அலிப்பூர் கோர்ட்டில் அவளுக்கும் புருஷனுக்கும் வழக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அவன் அங்கேயே கத்தியிருக்கிறான். காப்பகம் எங்கே என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

"எடுத்துடலாம் மாமி" என்றேன்.

"அரே பாபா, லாரி ஓட்டறவன் இன்டர்நெட் பாக்கப் போறானாக்கும்! வெள்ளிக்கிழமை ஃபாரின்காரா வரா. அதுவரைக்கும் இருக்கட்டுமே."

"அவன் தம்பி சைபர் கஃபே வச்சிருக்கானாம்."

"நீ வேற அவளைப் பயமுறுத்தாதே."

கடவுச்சொல் மாமியிடம் இருந்தது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தேன். மாமி அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கணினியையே போட்டு உடைத்திருப்பேன். அவளோ அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். மகளைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர்கள் படுக்கை காலி. துணிமணிகளும் இல்லை. மாமி கணினி முன் உட்கார்ந்து, என் எதிரிலேயே படத்தை நீக்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னாளே மாமி!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்குப் புருஷன் சலவைச் சட்டையோடு வந்து நின்றான். அவள் வரவில்லை. இப்படியே வராமலிருந்தால் தீர்ப்பு அவன் பக்கம்தான் போகும் என்றார் வக்கீல். படத்தை எடுத்துவிட்டோம், பயப்படாமல் வா என்று அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எங்கே என்று சொல்லியனுப்புவது?