வலப்பக்கத்து கியர் கேபிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்குவதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. தெப்ரா வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில், உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் பலகைகளை வைத்துப் பழுது தேடுவது என் வேலை. வீட்டுக்கு வந்தால் என் கணவரைக் குளிப்பாட்ட வேண்டும், சட்டை மாட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலக்கை சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்டது. கால் தேறிவிட்டது. நாக்கு மட்டும் களைப்பு வந்தால் குழறும்.

காலையில் பசியாறியதும் அவர் வாசலில் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். சுவரோரம் அவருடைய ரேஸ் சைக்கிள் சாய்ந்திருந்தது. மழைச்சாரல் பட்டுப் பட்டு அதன் கம்பியெல்லாம் துருவேறிக் கிடந்தது.

"கியர் கேபிள் மாத்தணும்," என்றார்.

"கடைக்குக் கொண்டு போலாம்லா."

"வேணாம். கடைக்காரன் சைக்கிளப் பார்க்க மாட்டான். என் கையத்தான் பார்ப்பான்."

ஒரு காலத்தில் ஞாயிறு விடிந்தால் நண்பர்களோடு பெக்கான் நானாஸ் ஊர் வரை மிதித்துப் போய், வெயில் ஏறுமுன் திரும்பி வந்துவிடுகிற மனிதர். அந்த நண்பர்கள் இப்போது போனில் நலம் விசாரிப்பதோடு சரி.

புதுக் கேபிள் அவருடைய சாமான் பெட்டியிலேயே இருந்தது. சொல்லப்போனால் வேலை சின்னதுதான். பிரேக்கும் கியரும் சேர்ந்திருக்கிற கருப்புக் கைப்பிடிக்கு ஷிஃப்டர் என்று பெயர். அதன் பக்கவாட்டில் ஒரு துளை. அதில் கேபிளை விட்டால் உள்ளே வளைந்து மறுபுறம் வெளிவர வேண்டும். அங்கிருந்து உறைக்குள் நுழைத்து, சைக்கிள் சட்டத்தின் அடிவழியாகப் பின்சக்கரம் வரை இழுத்து முடுக்க வேண்டும்.

பழைய கேபிளை அவர் சொன்னபடி பின்னால் வெட்டி, முன்னால் உருவினேன். சிரமமில்லாமல் வந்துவிட்டது. தேநீர் கலக்க உள்ளே போனேன். அவர் இடக்கையால் கியர் லிவரை அழுத்தி அழுத்திப் பார்க்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

தேநீர் குடித்துவிட்டுப் புதுக் கேபிளைத் துளையில் விட்டேன். அவர் இடக்கையால் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கேபிள் கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டியது.

"திருப்பிக்கிட்டே தள்ளு."

திருப்பினேன். முட்டியது. வெளியே எடுத்து, நுனியை லேசாக வளைத்து மறுபடி விட்டேன். அப்போதும் முட்டியது. போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு துளைக்குள் பார்த்தேன். வாரம் முழுக்க உற்றுப் பார்த்த கண் எரிந்தது. குனிந்து குனிந்து கழுத்து வலித்தது. கேபிளின் நுனி இழை பிரிந்து விரலைக் குத்தியது.

"அப்படித் தள்ளாதலா! பிரிஞ்சிருச்சு பாரு. உனக்குப் பொறுமையே இல்ல."

நான் கேபிளைத் தரையில் போட்டேன்.

"எனக்கா பொறுமை இல்ல? இத்தன மாசமா உங்களக் குளிப்பாட்டுறது யாரு?"

சொன்ன பிறகுதான் என் குரல் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும் என்று தோன்றியது. அவர் பிரேக்கிலிருந்து இடக்கையை எடுத்துவிட்டார். சும்மா இருக்க முடியாமல், வலக்கை விரலை ஷிஃப்டரின் மேல் ஊர்ந்து போகவிட்டார். பெரிய லிவருக்குப் பின்னால் சின்னதாக ஒன்று இருக்கும். அதை அழுத்தினார். உள்ளே எதுவோ விடுபட்டது. மறுபடி அழுத்தினார். இன்னொன்று விடுபட்டது.

அவர் முகம் மாறியது.

"இப்ப விடு."

நுனியை வெட்டிவிட்டு உள்ளே விட்டேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் போய், மறுபுறம் வெளியே வந்து நின்றது.

"கியரக் கடைசி வரைக்கும் தளர்த்திட்டுத்தான் கேபிள் விடணும். இல்லன்னா உள்ள துளை நேரா வராது. நீ உள்ள போனப்ப நான்தான் அழுத்தி மாத்தி வச்சிருக்கேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "மறந்துட்டேன்மா. எத்தன தடவ செஞ்ச வேல. எப்படி மறந்தேன்?" என்றார்.

கை போனபோதுகூட அவரை இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. தலையிலும் ஏதாவது போய்விட்டதோ என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

"நானும்தான் அடுப்பில பால வச்சுட்டு மறந்துடுறேன். வாங்க, முடிச்சிடலாம்," என்றேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

மீதி வேலை சண்டையில்லாமல் நடந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து நான் பெடலைச் சுற்ற, அவர் வலக்கையால் கியர் மாற்றிப் பார்த்தார். சின்ன லிவர் சொன்ன பேச்சைக் கேட்டது. பெரிய லிவரை நெடுந்தூரம் தள்ள வேண்டும்; விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்து முயன்றார். கடைசியில் இடக்கையைக் குறுக்கே நீட்டித் தள்ளி, நடுவில் ஒரு கியரில் நிறுத்தினார்.

"இதுலயே கிடக்கட்டும்," என்றார்.

வெயில் தாழ்ந்ததும் எங்கள் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடலுக்குப் போனோம். பின்சக்கரத்துப் பிரேக் இடக்கைப் பக்கம்தான் என்பதால் சம்மதித்தேன். முதல் சுற்றில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது.

"விடு, நான் பார்த்துக்கிறேன்," என்றார்.

விட்டேன். கொஞ்சம் ஆடினார். பிறகு நேராகிவிட்டார். திடலைச் சுற்றிப் போகும் பாதையில் அந்த ஒரே கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

தோளில் கை பட்டு விழித்தேன். எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. சைக்கிள் பெஞ்சில் சாய்ந்திருந்தது.

"எவ்வளவு நேரமா ஓட்டுனீங்க?"

"தெரியல. நீ நல்லாத் தூங்குன, அதான் எழுப்பல."

எழுந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். வழியில் தோசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்றைக்குச் சமைக்க வேண்டாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.