அம்மா அழாத பக்கம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. முடிந்து வருகிற ஷூவைத் திருப்பிப் பார்ப்பேன். தையல் கோணியிருந்தால், பசை வழிந்திருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரிசெய்கிறவர்தான் அதை உரிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். வீட்டில் தோசை சுட்டாலும் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஷூ வாங்க ஜெர்மன் பையர்கள் வருவார்கள் என்று அவர்கள் பாஷையை வேலூரில் ஞாயிறு வகுப்பில் படித்தேன். படித்த திமிரில் ஒரு ஜெர்மன் நாவலை வாங்கி, அகராதியோடு மல்லுக்கட்டி முடித்தேன். எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய பெண். அவர் பிறந்ததும் ஷூ தைக்கிற ஊர்தான். அவருடைய தாய் தையல் லைனில் இருந்தவர். மகளுக்கு ஒன்பது வயதானபோது கம்பெனியை மூடி, வேலையை வெளிநாடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாய் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். மகள் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, நாற்பது வயதில் முதல் நாவலைக் கொண்டுவந்தார். அதன் பிறகு மூன்று. எல்லாவற்றிலும் அந்தத் தாய் வருவார்.

நான் படித்ததைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டு, அனுமதி கேட்டு எழுதினேன். "நேரில் பேசலாம். அடுத்த நாவலுக்காக உங்கள் ஊரைப் பார்க்க வேண்டும்" என்று பதில் போட்டார். போன வருஷம் வந்தே விட்டார்.

எங்கள் தையல் லைனில் நின்று நாள் முழுக்கப் பார்த்தார். அவர் கதையை நான் சொன்னதும் ஒரு பெண் மெஷினை நிறுத்தினாள். "அப்ப அவங்க அம்மா வேலையத்தான் நாம செய்றமாக்கா? நம்ம மேல கோவமா இன்னான்னு கேளேன்."

கேட்டேன். "அம்மாவுக்கு இருந்தது. எனக்கு இல்லை" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், புது நாவலின் முதல் அத்தியாயத்தைக் கொடுத்து, தொழில் விஷயத்தில் தப்பு இருந்தால் சொல்லச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் வைத்துப் படித்தேன். கை தானாக ஸ்டிக்கரை எடுத்தது. தோலைத் தைத்த பிறகு ஓரம் மடிப்பதாக எழுதியிருந்தார். மடித்துவிட்டுத்தான் தைப்போம். ஒட்டினேன். கம்பெனி மூடிய அன்று தாய் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தார், அழவில்லை என்று ஒரு வரி. அதற்கும் ஒட்டினேன். கொரோனா சமயத்தில் திரும்பத் திறப்பார்களா என்றே சொல்லாமல் எங்கள் யூனிட்டை மூடியபோது, பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான்.

திருப்பிக் கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. தொழிலைத்தானே கேட்டார்? அவரைப் பெற்றவளைப் பற்றிக் குறை சொல்ல நான் யார்? அனுமதி போச்சு என்று நினைத்தேன்.

அவர் பென்சிலால் திருத்தித் திருத்தி ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்தார். அந்த வரியில் நின்றார்.

"இதில் என்ன தப்பு?"

குழாய் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஒரு ஸ்டிக்கரை மட்டும் உரிக்காமல் காகிதங்களைப் பைக்குள் வைத்தார். அனுமதியைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

போன மாதம் அச்சான புத்தகம் தபாலில் வந்தது. 'தமிழில் நீங்களே கொண்டு வாருங்கள்' என்று முதல் பக்கத்தில் கையால் எழுதியிருந்தார். நேராக அந்த வரி இருந்த பக்கத்தைப் புரட்டினேன். தாய் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போகிறார். மூடிய கதவுக்கு வெளியே, குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற அழுகையைக் கேட்டுக்கொண்டு மகள் நிற்கிறாள்.

எங்கள் யூனிட் மூடியபோது என் மகளுக்கும் ஒன்பது வயது.